முதல் பாகம் மட்டும் கடைசி

எங்கள் பங்குக் கோயிலுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெண்கள் ஒரு பக்கம் தேநீர் ஊற்றுவார்கள். ஆண்கள் நாங்கள் மறுபக்கம் நின்று உலகத்தைத் திருத்துவோம். சுவரில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிற கரும்பலகை மாட்டியிருக்கும். மேலங்கிக்காரன் படத்தில் புதிய பாகம் ஒன்று வந்துவிட்டால் போதும், அடுத்த ஞாயிறு பத்துக் கட்டளைகளை அழித்துவிட்டு அந்தப் பலகையில் பட்டியல் போடுவோம். எது முதல், எது இரண்டாவது, எது குப்பை என்று சண்டை நடக்கும். பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். பங்குச் சாமியார் வந்து பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். ஒருதடவை மட்டும் சாக்குக்கட்டியை வாங்கி, மூன்றாம் பாகத்தை ஒரு படி மேலே ஏற்றிவிட்டுப் போனார்.

மேலங்கிக்காரன் ஓர் ஆங்கிலப் படத்து வீரன். பகலில் தபால்காரன். யாருக்காவது ஆபத்து என்றால் பச்சை முகமூடியும் சாம்பல் நிற மேலங்கியும் மாட்டிக்கொண்டு ஆகாயத்தில் பறப்பான். படத்தின் பெயர் நாக்கில் நுழையாததால் நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் இது. எழுபதுகளின் கடைசியில் முதல் பாகம் வந்தது. எண்பதுகள் முடிவதற்குள் ஐந்து பாகம் வந்துவிட்டது. சிங்கப்பூரில் அவனைத் தெரியாத ஆளே கிடையாது.

என் பட்டியலில் ஒன்று மட்டும் ஒருநாளும் மாறாது. மூன்று பாகம் வந்தபோதும் சரி, ஐந்து வந்தபோதும் சரி, முதல் பாகம்தான் கடைசி. எல்லாரும் என்னோடு மல்லுக்கு நிற்பார்கள். "உனக்கு என்ன கோளாறு லா? முதல் பாகம் இல்லாம மத்ததெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?" என்பார்கள். "அதெல்லாம் ஒரு படமா?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

பேசினால் மாட்டிக்கொள்வேன். ஏனென்றால் முதல் பாகத்தை நான் பார்த்ததே இல்லை. என் மனைவி பார்த்திருந்தாள், வேறொருவனோடு.

முழுவதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பெண் பார்த்து, இரண்டு வீட்டாருக்கும் ஓரளவு பிடித்துவிட்டால், கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசிக்கக் கொடுப்பதற்கு முன்னால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஒருமுறை சினிமாவுக்கு அனுப்புவார்கள். தனியாக இல்லை, கூடவே பெண்ணின் தம்பியோ சித்தியோ காவலுக்குப் போவார்கள். இருட்டில் இரண்டு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் எதைத் தெரிந்துகொள்வது என்று கேட்காதீர்கள். சிராங்கூன் சாலைப் பக்கம் கடைவீட்டு மாடிகளில் ஓர் அறைக்கு எட்டுப் பேர் என்று இருந்த காலம். பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதற்கு வேறு எங்கே இடம் இருந்தது? சினிமாவுக்குப் போய்விட்டு வந்தால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரிதான்.

எனக்குப் பெண் பார்த்தபோது நானும் அந்தச் சினிமாவுக்காகக் காத்திருந்தேன். புதுச் சட்டைகூடத் தைத்து வைத்துவிட்டேன். பெண் வீட்டிலிருந்து, "சினிமா வேணாம். பூமலைக்குப் போயிட்டு வரட்டும், காத்தோட்டமா இருக்கும்" என்று சொல்லி அனுப்பினார்கள். எவ்வளவு அடக்கமான குடும்பம் என்று நானும் நினைத்துக்கொண்டேன், மடையன்! பூமலை என்று நாங்கள் சொல்கிற தாவரவியல் தோட்டத்தில் போய் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. அவளுடைய தம்பி ஒரே குடையை மூன்று பேருக்கும் சேர்த்துப் பிடித்தான். அவள் அன்றைக்குப் பேசியது மூன்றே வார்த்தை. "மழைங்க." "ஆமாங்க." "போகலாமா?" எனக்கு அதுவே போதுமாக இருந்தது. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன் நான். நாள் முழுக்க உயரத்தில் ஒரு கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து யாரோடும் பேசாமல் வேலை பார்க்கிறவனுக்கு மூன்று வார்த்தை என்பது பெரிய விருந்து. மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். யாரும் தடை சொல்லவில்லை. கல்யாணம் நடந்தது.

கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. மாமியார் வீட்டில் சாப்பாடு. மேலங்கிக்காரன் இரண்டாம் பாகம் வரப்போகிறது என்று பேச்சு வந்தது. பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவி கரண்டியோடு நின்றுவிட்டாள். "முதல் படம் மாதிரி வருமா? அது என்னா படம்!" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு வெளிச்சம். என்னோடு இருந்த ஒரு மாதத்தில் அந்த வெளிச்சத்தை நான் ஒருதடவைகூடப் பார்த்ததில்லை.

"நீ எப்பப் பாத்த?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

தம்பிக்காரன் அப்போது தேசிய சேவைக்காக ராணுவத்தில் இருந்தான். ஒட்ட வெட்டிய தலை, யோசிக்காமல் பேசுகிற வாய். "நாந்தானே அத்தான் கூட்டிட்டுப் போனேன்! அந்த மொதல் மாப்பிள்ளை வந்தாருல்ல, அப்ப" என்றான்.

மாமியார் கேட்காமலே என் தட்டில் இரண்டு துண்டு மீன் வைத்தார். எனக்கு முன்னால் ஒரு மாப்பிள்ளை வந்து, பார்த்து, சினிமாவரைக்கும் போன கதை எனக்கு அப்போதுதான் தெரியும். அதனால்தான் எனக்குப் பூமலை! ஒருதடவை சூடுபட்டுவிட்டார்கள், மறுபடியும் சினிமாவுக்கு அனுப்பப் பயந்திருக்கிறார்கள். அவனுக்குக் குளிர்சாதனத் திரையரங்கு, மெத்தை நாற்காலி, பறக்கிற வீரன். எனக்கு ஒழுகுகிற குடை.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் கேட்டேன். "அது ஏன் நின்னு போச்சு?"

"அவங்க பக்கத்துலேருந்து வேணாம்னுட்டாங்க" என்று சேலையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"அவன் சரின்னு சொல்லியிருந்தா?"

"அவரு சொல்லலையே. இப்ப எதுக்கு அதெல்லாம்?"

இவள் வேண்டாம் என்று சொல்லி நின்றிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அவன் வேண்டாம் என்றிருக்கிறான். அப்படியென்றால் இவள் மனசில் அவன் அப்படியேதானே இருப்பான்? நான் யார்? இரண்டாம் பாகம். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அப்போது வெட்கமாக இருந்தது. இப்போது வெட்கமில்லை. சுத்தமான, பச்சைப் பொறாமை.

சரி, வழி இருக்கிறதே என்று தோன்றியது. இரண்டாம் பாகத்துக்கு நான் கூட்டிப்போவேன். அது முதல் பாகத்தைவிட நன்றாக இருந்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது. இனிமேல் மேலங்கிக்காரன் என்றால் அவளுக்கு என் ஞாபகம்தான் வரவேண்டும்.

முதல் வாரமே போனேன். ஆர்ச்சர்ட் சாலைத் திரையரங்கில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றேன். அப்போதெல்லாம் டிக்கெட் கொடுக்கிற பெண் நாற்காலி வரைபடத்தைத் தாளில் வைத்துக்கொண்டு, நாம் கேட்கிற இடத்தை மெழுகுப் பென்சிலால் அடித்துவிட்டு, டிக்கெட்டில் எண்ணைக் கையால் எழுதிக் கொடுப்பாள். மாடியில் நட்டநடு இரண்டு நாற்காலியைக் காட்டி, "இது, இதேதான் வேணும்" என்று அவளிடம் அடம் பிடித்து வாங்கினேன். வாசலில் கச்சாங் பூத்தே விற்கிற நம்மவரிடம் கடலை, பட்டாணி, முறுக்கு என்று மூன்று பொட்டலம் கட்டச் சொன்னேன். என் மனைவி ஒன்றுதான் கேட்டாள். மூன்று வாங்கினேன். அவன் எத்தனை வாங்கிக் கொடுத்தானோ, யாருக்குத் தெரியும்?

படம் தொடங்கியது. மேலங்கிக்காரன் கடலுக்கு அடியில் போய் யாரையோ காப்பாற்றினான். கதை அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஏனென்றால் நான் திரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கரண்டியோடு நின்றபோது வந்த வெளிச்சம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, புகைப்படத்துக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் கேட்டேன். "எப்படி?"

"நல்லா இருந்துச்சுங்க."

"ரெண்டுல எது மேல?"

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதுதான் அவளிடம் இருக்கிற ஒரே குறை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "முதல் படம் மாதிரி இன்னொண்ணு வராதுங்க" என்றாள்.

மணியை அடித்து, வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். அவள் ஒன்றும் புரியாமல் பேருந்திலேயே போனாள். நான் வேர்க்க விறுவிறுக்க நடந்து வீடு வந்து சேர்ந்தபோது சோற்றைச் சூடாக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். கால் வலித்தது. இருந்தாலும் வலிக்கவில்லை என்று சொன்னேன்.

அடுத்த ஞாயிறு கரும்பலகையில் என் முறை வந்தபோது முதல் பாகத்தைத் தூக்கிக் கீழே போட்டேன். அப்போது இருந்தது இரண்டே பாகம். என்றாலும் அதைக் கீழே எழுதியதில் ஒரு தனிச் சுகம் இருந்தது.

பிறகு கிளமெண்டியில் எங்களுக்கு அடுக்குமாடி வீடு கிடைத்தது. ஒரு மகன், ஒரு மகள். வாழ்க்கையில் ஒரு குறையும் இல்லை, இந்த ஒன்றைத் தவிர. பாரந்தூக்கிக் கூண்டில் உட்கார்ந்து கப்பலுக்காகக் காத்திருக்கிற நேரத்தில் என் மண்டை சும்மா இருக்காது. அவன் அவளுக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பான்? தம்பி நடுவில் உட்கார்ந்தானா, ஓரத்திலா? ஒருநாள் தாங்கமாட்டாமல் தம்பியையே கேட்டுவிட்டேன். "எனக்கென்ன தெரியும் அத்தான்? கேம்ப்லேருந்து வந்த அசதி லா. படம் ஆரம்பிச்சதுமே தூங்கிட்டேன்" என்றான். காவல்காரன் தூங்கியிருக்கிறான்! சேசு மரி சூசை! அதற்குப் பிறகு ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முதல் பாகத்தை மறுபடியும் எங்கேயோ போட்டார்கள். நண்பன் ஒருவன் டிக்கெட்டோடு வந்து கூப்பிட்டான். போகமாட்டேன் என்றேன். அதைப் போய்ப் பார்த்தால் அவன் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் நான் போய் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும் என்று எனக்கு ஒரு ரோசம். பார்க்காமலே அதைத் திட்டுவதில்தான் மரியாதை இருந்தது.

மூன்றாம் பாகம் வந்தது. தேக்காக் கடைத்தெருவில் நல்ல சேலை ஒன்று எடுத்துக் கொடுத்து, அதைக் கட்டிக்கொண்டு வரச் சொல்லிக் கூட்டிப்போனேன். மேலங்கிக்காரனைப் போலவே இன்னொருவன் வந்து ஊரைக் குழப்புகிற கதை. "இது எப்படி?" "நல்லா இருந்துச்சு." "முதல் படத்தை விட?" "அது வேறங்க." நாலாம் பாகத்தில் அவன் பனிமலைக்குப் போனான். நடுவில் ஒரு கட்டத்தில் அவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். நான் உடனே குனிந்து, "ஏன் சிரிச்ச?" என்றேன். "சிரிப்பா இருந்துச்சு." "இதே மாதிரி முதல் பாகத்துலயும் இருந்துச்சா?" அவள் சிரிப்பு நின்றுவிட்டது. பார்த்தாயா, ஞாபகம் வந்துவிட்டது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மாதிரி இருந்தது. அந்த ஞாயிறு பட்டியலில் நாலாம் பாகத்துக்கு முதலிடம் கொடுத்தேன். அதில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

ஐந்தாம் பாகத்துக்கும் அப்படியே கூட்டிப்போனேன். அந்த வருஷம் எங்கள் கோயில் திருவிழா அன்றுதான் என் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறியது.

கூட்டம் நிறைய. வேறு பங்குகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். கரும்பலகையில் ஐந்து பாகத்துக்கும் பட்டியல் சூடாக நடந்துகொண்டிருந்தது. அப்போது ஒருவர் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டே, "என்னையக் கேட்டா முதல் பாகம்தாங்க முதல்ல. சந்தேகமே இல்ல" என்றார்.

மச்சினன் என் காதில் வந்து, "அத்தான், அவருதான்" என்றான்.

"எவரு?"

"அந்த மொதல் மாப்பிள்ளை. புக்கிட் பாஞ்சாங்ல இருக்காராம் இப்ப."

இத்தனை வருஷமாக என் மண்டைக்குள் உட்கார்ந்திருந்தவன் ஆறடி உயரம், சுருட்டை முடி, சிரித்தால் பல் பளீரென்று இருக்கும். எதிரில் நின்றவருக்கு முன்தலை வழுக்கை. சட்டைப் பையில் இரண்டு பேனா. பக்கத்தில் அவருடைய மனைவி, கையில் தூங்குகிற குழந்தை. முகத்தில் கெட்ட குணம் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். பாவம், அதுவும் இல்லை. பொறாமைப்படுவதற்கு ஏற்ற ஆளாகவாவது இருந்திருக்கக் கூடாதா? ஆனால் அவரும் முதல் பாகம் என்கிறார், என் மனைவியும் முதல் பாகம் என்கிறாள். ஐந்து படம் இருக்க, இரண்டு பேருக்கும் ஒரே படம்! எனக்குக் காதில் புகை வந்தது.

"முதல் பாகமா? அதெல்லாம் ஒரு படமா?" என்றேன். வழக்கம்போல அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"அப்படிச் சொல்லிட்டீங்க! எது புடிக்கல உங்களுக்கு?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

அந்த மரியாதைதான் என்னைக் கிளப்பிவிட்டது. முதல் பாகம் ஓடிய நாளில் பேருந்தில் போகும்போது திரையரங்கு வாசலில் வைத்திருந்த பெரிய கைச்சித்திரப் பலகையைப் பார்த்திருந்தேன். மேலங்கிக்காரன் ஒரு சரக்குக் கப்பலை நடுவில் பிடித்துத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நிற்பான். நான் குரலை உயர்த்தினேன். "அந்தக் கப்பலைத் தூக்குற கட்டம் ஒண்ணு போதுமே! நான் துறைமுகத்துல வேலை செய்றவன். கப்பலை அப்படி நடுவுல புடிச்சுத் தூக்குனா ரெண்டா முறிஞ்சு போயிரும். முன்னுக்கும் பின்னுக்கும் சங்கிலி போடாம எவன் தூக்குவான்? அதைப் பாத்ததும் எனக்குப் படமே விட்டுப்போச்சு!"

கொட்டகை அமைதியாகிவிட்டது. எல்லாரையும் அசத்திவிட்டேன் என்றுதான் ஒரு விநாடி நினைத்தேன்.

பட்டியல் எழுதுகிற நண்பன் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தான். "கப்பலா? அந்தப் படத்துல ஏது லா கப்பல்?"

"கப்பலே இல்லையே" என்றான் இன்னொருவன்.

அந்த மனுஷர் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார். "தியேட்டர் வாசல்ல அப்படி வரைஞ்சு வெச்சிருந்தாங்க இல்ல? அதைப் பாத்துட்டு நாங்களும் கப்பல் வரும் வரும்னு கடைசிவரைக்கும் காத்துக்கிட்டு இருந்தோம்."

நாங்களும்! இருந்தோம்! அந்த 'நாங்கள்' யார் என்று எனக்குத் தெரியாதா? எல்லாரும் சிரித்தார்கள். மச்சினன் மட்டும் தரையைப் பார்த்தான். நான் திரும்பினேன். என் மனைவி தேநீர்த் தட்டோடு இரண்டடி தூரத்தில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

அன்றைக்குப் பேருந்தில் பிள்ளைகள் இரண்டும் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து மிட்டாய் தின்றன. கிளமெண்டியில் இறங்கி எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்கு நடக்கும்போதுதான் கேட்டாள். "பாக்கவே இல்லையா?"

"இல்ல."

"இத்தனை வருஷமா அது குப்பைன்னு சொன்னீங்களே?"

மின்தூக்கிப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினேன்.

அடுத்த சனிக்கிழமை எனக்கு விடுமுறை. காலையில் பிள்ளைகளைத் தன் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். வரும்போது கையில் ஒரு வீடியோ கேசட். எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருந்த கடைவரிசையில் வாடகைக்கு எடுத்திருக்கிறாள். நாங்கள் வீடியோ பெட்டி வாங்கி அப்போது ஓராண்டுதான் இருக்கும். உறையில் மேலங்கிக்காரன் முதல் பாகம். கேசட்டைப் போட்டுவிட்டு, "உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். பழக்கதோஷத்தில் அவள் பக்கம் திரும்பினேன்.

"படத்தைப் பாருங்க" என்றாள். அவள் என்னை அதட்டியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

பார்த்தேன். ஒரு மணி நேரம் அவன் பறக்கவே இல்லை. தெருத்தெருவாகத் தபால் கொடுத்துக்கொண்டு போகிறான். ஒரு கிழவியின் கடிதம் காற்றில் பறந்துவிடுகிறது. பிடிக்க ஓடுகிறான், எம்புகிறான், இன்னும் எம்புகிறான். கடிதத்தையே பார்த்துக்கொண்டு போகிறவனுக்குக் கால் தரையை விட்டது தெரியவில்லை. பிடித்த பிறகுதான் குனிந்து பார்க்கிறான். அப்புறம் இறங்கத் தெரியாமல் ஒரு மாடியில் காய்கிற துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு, யாரோ ஒருவருடைய கால்சட்டைகளுக்கு நடுவில் தொங்குகிறான். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிறகு ஒரு கட்டம். ஊருக்கு மேலே நின்றுகொண்டு தன் வீடு எது என்று தேடுகிறான், கண்டுபிடிக்க முடியவில்லை. நானும் கூண்டிலிருந்து அப்படித் தேடியிருக்கிறேன், கிளமெண்டி எந்தப் பக்கம் என்று. படம் முடிந்து எழுத்து ஓடுகிறவரைக்கும் நான் அவள் பக்கம் திரும்பவே மறந்துபோனேன்.

"நல்ல படம்தான்" என்றேன். சொல்லும்போது பல்லைப் பிடுங்கிய மாதிரி வலித்தது.

"அதைத்தானே நானும் சொன்னேன்."

விட்டிருக்கலாம். என் வாய் விடுமா? "அவரோட பாத்ததுனால இல்லையா?"

அவள் என்னையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். இல்லை, களைத்துப்போன குரலில்தான் பேசினாள்.

"அவரு எந்தப் பக்கம் உக்காந்தாருன்னுகூட எனக்கு நெனப்பில்லைங்க. அவங்க வேணாம்னு சொல்லி அனுப்பினப்பகூட, போகட்டும், படம் பாத்தாச்சுன்னுதான் இருந்துச்சு. எனக்குக் கீழ தம்பி தங்கச்சி ஆறு பேரு. எந்தப் படத்துக்குப் போனாலும் ஒண்ணு மடியில இருக்கும். ஒண்ணு அழும், ஒண்ணை வெளிய கூட்டிட்டுப் போகணும். பாதிப் படம் வாசல்லதான் நிப்பேன். அன்னிக்குத் தம்பியும் தூங்கிட்டான். அந்த மனுஷரும் ஒரு வார்த்தை பேசல. என் வயசுக்கு முதல் தடவையா ஒரு படத்தை ஆரம்பத்துலேருந்து கடைசிவரைக்கும் உக்காந்து பாத்தேன். யாரும் என்கிட்ட ஒண்ணும் கேக்கல."

"சரி. மத்த நாலையும் என்கூடத்தானே பாத்த? அதுவும் முழுசாத்தானே?"

"எங்கங்க பாத்தேன்? நீங்கதான் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தீங்களே. சிரிச்சா ஏன் சிரிச்சம்பீங்க. சிரிக்கலைன்னா புடிக்கலையாம்பீங்க. நீங்க பாக்குறீங்கன்னு மூஞ்சிய ஒழுங்கா வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நாலு படமும் எனக்கு அப்படித்தான் போச்சு."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போகப் பார்த்தாள். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கேசட்டைப் பின்னுக்கு ஓடவிட்டு மறுபடியும் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தேன்.

"இன்னொருதடவை பாரு. நான் போயி பிள்ளைங்களக் கூட்டிட்டு வர்றேன்."

"சமைக்கணுமே."

"வர்றப்ப வாங்கிட்டு வர்றேன். நீ உக்காரு."

அவள் என்னை நம்பாத மாதிரி ஒரு பார்வை பார்த்தாள். பிறகு காலை நீட்டி, சேலையைச் சரிசெய்து, சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். ஆனால் மின்தூக்கிக்குப் போகவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடைபாதையிலேயே நின்றேன், வெட்கங்கெட்டவன். எதிர்வீட்டுச் சீனக் கிழவர் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றி முடித்து, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஒரு மணி நேரத்துக்குமேல் அப்படியே நின்றிருப்பேன். தபால்காரன் துணிக்கொடியில் தொங்குகிற இடம் வந்திருக்கவேண்டும்.

உள்ளே அவள் சிரித்தாள். வாயை மூடிக்கொள்ளாமல், மூச்சு வாங்க, தொடையில் தட்டிக்கொண்டு ஒரு சிரிப்பு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. சாவி என் கையில்தான் இருந்தது. கதவைத் திறந்து அந்த முகத்தை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று உயிர் துடித்தது.

திறந்தால் நின்றுவிடும். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு படிவழியாக இறங்கினேன்.